பச்சை நூல் பொட்டலம்

அத்தியாயம் 5

சுரங்கத்துக்குள் போனவர்கள் பதினான்கு பேர். வெளியே வந்தவர்கள் பதின்மூன்று பேர்.

மூன்று நாளாகப் போலீஸ், வனத்துறை, மோப்ப நாய் என்று வரிசையாக வந்து தேடிவிட்டார்கள். நாய் பாதிச் சுரங்கம் வரை போய், வவ்வால் நாற்றத்தில் தும்மிவிட்டுத் திரும்பிவிட்டது. பதினான்காவது ஆள் மட்டும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணி. துப்பறியும் நிபுணர் யுவராணி சுரங்கத்தின் மேல்வாயில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். இருபதடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. சுரங்கம் நடுவில் வளைந்து போகிறது. அதனால் ஒரு வாயிலிருந்து பார்த்தால் மறுவாயின் வெளிச்சம் வராது.

"மேடம், இதுக்குள்ள ஒரு ஆள் காணாமப் போனதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. பதிமூணு பேரு வெளிய வந்தாங்க பாருங்க, அதுதான் அதிசயம்" என்றான் சேக் பரீது.

பரீது அவளுடைய உதவியாளன். முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வருஷம் திண்டுக்கல்–வத்தலக்குண்டு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். யுவராணி இந்தத் தொழிலுக்கு வருமுன் பதினைந்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்தவள். எரியாத கடைக்கு நஷ்டஈடு கேட்டவர்களையும், சாகாத மனிதர்களுக்கு மரணச் சான்றிதழ் கொண்டுவந்தவர்களையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், நாகல்நகரில் சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம் போட்டிருந்தாள்.

அவர்களுக்குப் பின்னால் செங்கல் குவிந்து கிடந்தது. சிமெண்ட் மூட்டைகள் தார்ப்பாயில் மூடியிருந்தன. அன்று மாலை நான்கு மணிக்குச் சுரங்கத்தை அடைத்துவிட உத்தரவு வந்திருந்தது.

அந்தச் செங்கல் குவியலின் மேலேயே உட்கார்ந்திருந்தாள் அஜீஸுன்னிசா. அவள்தான் இவர்களை அமர்த்தியவள். முப்பத்தாறு வயது. கறுப்புத் துப்பட்டா, காலில் சேறு படிந்த பூட்ஸ்.

"அடைக்கிறதுன்னா என்னையும் சேத்து வச்சு அடைக்கட்டும்" என்றாள். குரலில் அழுகை இல்லை. "எட்டு வருசத்துக்கு முன்னால இந்த எடத்துல உண்ணிச்செடி ஆளு ஒசரத்துக்கு நின்னுச்சு மேடம். நானும் என் தம்பியும் அரிவாள வச்சு வெட்டி வழி எடுத்தோம். அப்ப எந்த ஆபீசரும் வந்து ஆபத்துன்னு சொல்லல."

வத்தலக்குண்டுக்கு மேலே மலையில், அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் காப்பி மூட்டைகளை இறக்குவதற்காகப் போட்ட குட்டி ரயில் பாதை அது. மஞ்சப்பாறை லைன் என்று பெயர். உலக யுத்தத்தின்போது இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று கல்பாலம், கூரை போன ஒரு ஸ்டேஷன், நானூறு மீட்டர் சுரங்கம். இவைதான் மிச்சம். பேகம்பூரில் பூகோள டீச்சராக இருந்த அஜீஸுன்னிசா ஒரு பழைய வரைபடத்தில் இந்தக் கோட்டைப் பார்த்தாள். விடுமுறையில் வந்து தேடினாள். அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்து அவள் பின்னால் நடந்தார்கள். வேனின் மேல் ஒரு பலகை: 'தண்டவாளம் இல்லாத ரயில்'.

வேன் அவர்களைப் பழைய ஸ்டேஷனில் இறக்கிவிடும். அங்கிருந்து பாலங்களைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் நடை, கடைசியில் சுரங்கம். வேன் மலைச்சாலையில் சுற்றிக்கொண்டு மேல்வாய்க்கு வந்து, மதியச் சாப்பாட்டோடு காத்திருக்கும்.

"ஞாயித்துக்கிழமை நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் யுவராணி.

"கீழ்வாயில நிக்க வச்சு எண்ணினேன். பதினாலு. போட்டோவும் இருக்கு. நான் முன்னால டார்ச்சோட, இஷாக் கடைசில டார்ச்சோட. நடுவுல வந்தவங்க. எப்பவும் அப்படித்தான். மேல்வாய்ல எண்ணினா பதிமூணு. கதிரேசன்னு பேரு குடுத்து புக் பண்ணவரு இல்ல. உடனே திரும்ப உள்ள போய்த் தேடினோம். ரெண்டு மணி நேரம் தேடினோம். ஒண்ணும் இல்ல. இங்க சிக்னல் கெடையாது, அதனால டிரைவர் அருண்பாண்டி வேனை எடுத்துக்கிட்டுக் கீழ போய்த் தகவல் சொன்னாரு."

அந்தக் கதிரேசன் கொடுத்த கரூர் விலாசத்தில் அப்படி யாரும் இல்லை. போன் அணைந்து கிடந்தது. கூட்டப் படத்தில் தாடியும் பரட்டைத் தலையுமாக, முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு நின்றிருந்தான்.

"இந்தப் பாதை வேணும்னு யாராவது கேட்டாங்களா?"

"வெண்முகில் ரிசார்ட்காரங்க ரெண்டு வருசமாக் கேக்குறாங்க. மேல அவங்க கட்டடம் கட்டிருக்காங்க. இதைத் தனி ரோடாக்கிக்கணுமாம். நான் நடத்துறவரைக்கும் இது எல்லாரும் நடக்குற பாதை. டூர் நின்னுட்டா, யாரும் பொழங்காத எடம்னு எழுதி வாங்கிருவாங்க."

யுவராணி சுரங்கத்துக்குள் போனாள். சுவரில் ஐம்பது அடிக்கு ஒன்றாக, ஆள் நிற்கும் அளவுக்கு மாடம் குடைந்திருந்தார்கள். ரயில் வரும்போது வேலையாட்கள் ஒதுங்கி நிற்பதற்காக. உள்ளே ஒரு இளைஞன் பேட்டரி விளக்குகளைக் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் அஜீஸுன்னிசாவின் தம்பி இஷாக். கண்கள் சிவந்திருந்தன.

"ஒவ்வொரு மாடத்துலயும் டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களா தம்பி?"

"அடிச்சுக்கிட்டேதான் வந்தேன் மேடம். என்னைத் தாண்டிப் பின்னால யாரும் போகல. ஆனா நடுவுல வவ்வால் கூட்டம் கலைஞ்சு மேல வந்து மோதுச்சு. அப்ப ஒண்ணு ரெண்டு மாடத்தை விட்டிருப்பேனோ என்னவோ..." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்காவுக்கு என்னாலதான் இம்புட்டும்."

யுவராணி அவன் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள். வேன் ஓரமாக நின்றது. டிரைவர் அருண்பாண்டி சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். வேனின் பின்பக்கத்தில் ஒரு பெரிய மூங்கில் கூடை கவிழ்ந்திருந்தது.

"அது சாப்பாட்டுக் கூடையா?" என்று அஜீஸுன்னிசாவிடம் கேட்டாள்.

"ஆமா. சீரகச்சம்பா பிரியாணி. நானே காலையில ஆக்கி இலையில கட்டுவேன். விருந்தாளி பதினாலு, நாங்க மூணு. பதினேழு பொட்டலம்."

"ஞாயித்துக்கிழமை யாராவது சாப்பிட்டாங்களா?"

"தேடி முடிக்கவே மூணு மணி ஆயிருச்சு. கூட்டத்துல சின்னப் பிள்ளைங்க இருந்துச்சுங்க. நானே ஆளுக்கு ஒண்ணா எடுத்துக் குடுத்தேன். அருண்பாண்டிக்கு மட்டும் எடுத்து வச்சு, அவரு திரும்பி வந்ததும் குடுத்தேன்."

"அப்ப எத்தனை மிச்சம்?"

அஜீஸுன்னிசா கவிழ்ந்து கிடந்த கூடையைப் பார்த்தாள். "மிச்சம் இல்லையே. கூடை காலி."

"பதினேழு பொட்டலம். சாப்பிட்டவங்க பதினாறு பேரு" என்றான் பரீது. "மேடம், சொல்லிடுறேன், ஆவி கீவின்னா அந்தப் பக்கமே நான் வரல."

அஜீஸுன்னிசா செங்கல்லிலிருந்து இறங்கி நின்றாள். "செத்த இருங்க. அவருக்குப் பிரியாணி இல்ல. பழனிக்கு மாலை போட்டிருக்கேன், கறி ஆகாதுன்னு புக் பண்ணும்போதே சொன்னாரு. அவருக்கு மட்டும் தனிச் சட்டியில தக்காளிச் சாதம் செஞ்சேன். மாறிடக் கூடாதுன்னு மத்ததுக்கெல்லாம் வெள்ளை நூலு, அவரோடதுக்குப் பச்சை நூலு கட்டினேன். நான் எடுத்துக் குடுத்தது அம்புட்டும் வெள்ளை. பச்சை நூலு என் கைக்கு வரவே இல்ல. அந்தப் பதட்டத்துல எனக்குத் தோணவும் இல்ல."

"கூடையை வேன்ல ஏத்தினது யாரு?"

"இஷாக்தான் தூக்கி வச்சான். அப்பறம் ஸ்டேஷன்ல நாங்க இறங்கிட்டோம். வேன் அருண்பாண்டிகிட்ட இருந்துச்சு."

யுவராணி சிரித்தாள். அந்தக் காலையில் அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு.

"ஆவி அடிச்சவனுக்கும், பள்ளத்துல விழுந்தவனுக்கும் சாப்பாடு எடுத்துட்டுப் போக ஆள் வராது. காணாமப் போனவனுக்குப் பசிக்கும்னு முன்கூட்டியே ஒருத்தர் நெனைச்சிருக்காரு. உங்க ஆள் உயிரோட இருக்கான். உங்க கூட்டத்துலயே அவனுக்கு வேண்டியவன் ஒருத்தன் இருக்கான்."

மூன்று பேருடைய பார்வையும் ஒரே நேரத்தில் அருண்பாண்டியின் பக்கம் போனது. கூடையோடு ஐம்பது நிமிஷம் தனியாக மலையைச் சுற்றி வந்தவர். கீழே போய்ச் சொல்கிறேன் என்று தனியாக வேனை எடுத்துக்கொண்டு போனவர்.

"அவரா?" அஜீஸுன்னிசாவின் குரல் இறங்கியது. "அவரு அப்படிப்பட்டவரு இல்ல மேடம்."

"அப்படிப்பட்டவங்க மூஞ்சியில எழுதி ஒட்டிருக்காது. ஒண்ணு செய்யுங்க. நாங்க வர்ற வரைக்கும் இங்கேருந்து ஒருத்தரும் கீழே இறங்கக் கூடாது. ஏதாவது வேலை குடுத்து நிறுத்தி வைங்க. சிக்னல் இல்லாத எடத்துல இருக்கணும். அதுதான் முக்கியம்."

"நீங்க எங்க போறீங்க?"

"பழனிக்கு."

* * *

யுவராணியின் பழைய மாருதி செம்பட்டியைத் தாண்டி ஒட்டன்சத்திரம் சாலையில் ஓடியது. மறுநாள் தைப்பூசம். சாலையோரம் முழுக்கப் பச்சையும் காவியுமாகப் பாதயாத்திரைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

"மேடம், மாலை போட்டிருக்கேன்னு அவன் சொன்னதே பொய்யா இருந்தா?"

"பேரு பொய், ஊரு பொய், போன் நம்பர் ஒரு வாரத்துக்கு வாங்கினது. அம்புட்டுப் பொய் சொன்னவன் எதுக்குக் கறி வேண்டாம்னு சொல்லி எல்லார் ஞாபகத்துலயும் நிக்கணும்? பேசாம ஒரு பிரியாணியை வாங்கி ஓரமா வச்சிருக்கலாம்ல? அவன் நம்மளுக்கெல்லாம் பயப்படல பரீது. முருகனுக்குப் பயந்திருக்கான். மாலை நிஜம். மாலை நிஜம்னா தைப்பூசத்துக்குப் பழனியில இருப்பான்."

"சரி. அங்க போய் மொட்டை போட்டிருப்பான்."

"போட்டிருப்பான்."

"பழனியில இன்னைக்கு எத்தனை மொட்டை இருக்கும்?"

"ஒரு லட்சம்."

பரீது ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டான். "நல்லவேளை. நான் ஏதோ கஷ்டமான காரியமாக்கும்னு நெனைச்சேன்."

அடிவாரத்தில் கார் நுழைய முடியவில்லை. இடும்பன் குளத்துப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தார்கள். பன்னிரண்டு மணி வெயில். எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசிய தலைகள். பஞ்சாமிர்தக் கடைகளுக்கு நடுவே பந்தல் போட்ட ஒரு அறிவிப்பு நிலையம் இருந்தது. ஒலிபெருக்கி விடாமல் பேசிக்கொண்டிருந்தது: ஈரோட்டிலிருந்து வந்த பாட்டியைப் பேரன் தேடுகிறான், காரைக்குடிக் குழந்தை ஒன்று அழுதுகொண்டிருக்கிறது.

யுவராணி அங்கே நின்றாள். பரீதைப் பார்த்தாள்.

"மேடம், நீங்க நெனைக்கிறது எனக்குப் புரியுது. ஆனா வெளிய சொல்ல வெக்கமா இருக்கு."

"காணாமப் போனவனைத் தேட வேற எங்க போறது?"

மைக்கின் முன்னால் முத்துச்சாமி என்ற தொண்டர் உட்கார்ந்திருந்தார். காதோரம் நரைத்த மனிதர். "ஏனுங்க, இது காணாமப் போனவங்களுக்கான மைக்குங்க. கண்டவங்களையெல்லாம் கூப்பிட முடியாதுங்க" என்றார்.

"இவனும் காணாமப் போனவன்தாங்க. போலீஸ்லயே எழுதிருக்கு" என்று பரீது புகார் நகலை நீட்டினான். முத்துச்சாமி படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். மைக்கைத் தட்டினார்.

"வேன் டிரைவர் அருண்பாண்டி அழைக்கிறாருங்க. மஞ்சப்பாறைச் சுரங்கத்திலிருந்து வந்த பக்தர் எங்கிருந்தாலும் உடனடியாக அறிவிப்பு நிலையத்துக்கு வரவும். அருண்பாண்டி இங்கே காத்திருக்கிறாருங்க."

பழனி முழுக்க அது எதிரொலித்தது. யுவராணியின் கணக்கு எளிமையானது. ஒளிந்திருப்பவன் காதில் கூட்டாளியின் பெயர் விழுந்தால், முதலில் போன் பண்ணுவான். போன் போகாது. அப்புறம் அந்த அறிவிப்பை நிறுத்த ஓடி வருவான்.

அரை மணி நேரத்தில் நான்கு தடவை அறிவித்தார்கள். வந்தவர்கள் மூன்று பேர். முதல் இரண்டு பேருக்குமே அருண்பாண்டி என்று பெயர். தங்களை யார் தேடுகிறார்கள் என்று கேட்டார்கள். மூன்றாவதாக ஒரு நடுவயது அம்மாள் வந்து, அருண்பாண்டி தன் மருமகன் என்றும், ஏதும் விபத்தா என்றும் கேட்டுக் கலங்கினாள். பெரியகுளத்தில் தறி வேலை செய்யும் வேறொரு அருண்பாண்டி அவர். அவளைச் சமாதானப்படுத்தி அனுப்ப ஐந்து நிமிஷம் ஆனது.

தேடியவன் வரவில்லை.

மணி ஒன்று. நான்கு மணிக்குள் மலைக்குத் திரும்ப வேண்டுமானால், ஒன்றேகாலுக்குக் கிளம்பியாக வேண்டும்.

யுவராணி பந்தல்காலில் சாய்ந்து நின்றாள். "எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்."

"மேடம், ஒண்ணு சொல்லட்டா? கண்டக்டர் புத்தி இது." பரீது முதல் தடவையாகக் கேலி இல்லாமல் பேசினான். "பஸ் ஓடும்போது ஒருத்தன் பின்வாசல்ல இறங்கிட்டான்னு வைங்க. முன்னால இருக்கிற டிரைவரை யாரும் கேக்க மாட்டாங்க. அவருக்கு ரோடுதான் தெரியும். பின்வாசல்ல நிக்கிற கண்டக்டரைத்தான் கேப்பாங்க. நான் பின்வாசல்ல நின்னு, எனக்குத் தெரியாம ஒரு ஆள் இறங்கினதே கெடையாது. இறங்கினா, நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்னு அர்த்தம்."

யுவராணி நிமிர்ந்தாள்.

கூடையைத் தூக்கி வேனில் வைத்தவன். அதிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, ஸ்டேஷனில் ஒருவன் பையில் போட்டுவிட அரை நிமிஷம் போதும். சுரங்கத்தில் கடைசி ஆளாக நடந்தவன். 'ஒண்ணு ரெண்டு மாடத்தை விட்டிருப்பேனோ என்னவோ' என்று, தானாகவே தப்பிக்க ஒரு வழியைத் திறந்து வைத்தவன். அவன் கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தாள்.

"அழுகிறவங்களைச் சந்தேகப்படுன்னு எனக்கு இன்சூரன்ஸ் வேலையில முதல் நாளே சொன்னாங்க" என்றாள் மெதுவாக. "ஐயா, இன்னும் ஒரே ஒரு தடவை. இதைப் படிங்க."

முத்துச்சாமி துண்டுத்தாளை வாங்கினார்.

"இஷாக் அழைக்கிறாருங்க. பச்சை நூல் கட்டிய பொட்டலத்தை வாங்கிய பக்தர் உடனடியாக அறிவிப்பு நிலையத்துக்கு வரவும்."

நான்கு நிமிஷம் ஆகவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒருவன் ஓடி வந்தான். சந்தனம் ஈரமாக இருந்த மொட்டைத் தலை, மழித்த முகம், பச்சை வேட்டி. மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, அதை நிறுத்துங்க! யாருங்க இஷாக் பேரை மைக்குல சொல்றது? ஊருக்கே கேக்குதுங்க!"

"வாங்க, கதிரேசன்" என்றாள் யுவராணி.

அவன் திரும்பினான். ஓடப் பார்த்தான். அதற்குள் பரீதின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பன்னிரண்டு வருஷம் டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடித்த கை.

அவன் நிஜப்பெயர் அசோக்குமார். நெய்க்காரப்பட்டிக்காரன். வெண்முகில் ரிசார்ட்டில் வாட்ச்மேன். வண்டியில் உட்கார்ந்ததும் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டான்.

"நாலு நாள் ஒளிஞ்சிருந்தாப் போதும்னாருங்க மேனேஜரு. சுரங்கத்தை அடைச்சதுக்கப்பறம், வழி தப்பிக் காட்டுல அலைஞ்சேன்னு வந்துரலாம்னாருங்க. பெரிய குத்தம்னு தோணலீங்க. பேப்பர்ல அந்தம்மாளைப் போலீஸ் விசாரிக்குதுன்னு பார்த்தப்பறம் சோறு இறங்கலீங்க."

"சுரங்கத்துல என்ன நடந்துச்சு?"

"ஏழாவது மாடத்துல ஒதுங்கி நின்னேனுங்க. எல்லாரும் தாண்டிப் போனாங்க. கடைசியா இஷாக் வந்தாரு. டார்ச்சை நேரா என் மூஞ்சியில அடிச்சாரு. நின்னு பார்த்தாரு. அப்பறம் டார்ச்சை அணைச்சுட்டு நடந்து போயிட்டாருங்க. நான் கீழ்வாய் வழியா இறங்கி பஸ்ஸைப் பிடிச்சேன்."

"சாப்பாடு?"

"பஸ்ஸுலயே சாப்பிட்டேனுங்க." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தக்காளிச் சாதம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. அதுதானுங்க மனசுல உறுத்துச்சு."

* * *

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கார் மலையேறி மேல்வாய்க்கு வந்து சேர்ந்தது.

கலவை போட்டாகிவிட்டது. கொத்தனார் கரண்டியோடு நின்றார். தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்.ஐ.யும் இரண்டு பெண் காவலர்களும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். ஏனென்றால் சுரங்கத்தின் வாயில், நட்ட நடுவில், அஜீஸுன்னிசா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திருங்கம்மா. நாங்க உத்தரவை நிறைவேத்தத்தான் வந்திருக்கோம்" என்றார் தாசில்தார்.

"நிறைவேத்துங்க சார். நான் கையத் தூக்கித் தடுக்கல. இந்த எடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன், அம்புட்டுத்தான். பூகோளம் சொல்லிக் குடுத்தவ நான். நான் கண்டுபிடிச்ச ஒரே எடம் இது. இதை வரைபடத்துலேருந்து யாரையும் அழிக்க விட மாட்டேன்."

கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைக் காரின் அருகே ரிசார்ட் மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். இஷாக் வேனில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யுவராணி காரின் பின்கதவைத் திறந்தாள். அசோக்குமார் இறங்கினான்.

அவன் மொட்டையை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இஷாக்குக்கும் மேனேஜருக்கும் மட்டும் தெரிந்தது. இஷாக்கின் கையிலிருந்த விளக்கு நழுவிக் கீழே விழுந்து உடைந்தது.

ஐந்து நிமிஷத்தில் அசோக்குமார் எஸ்.ஐ.யிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். ஏழாவது மாடம், டார்ச் வெளிச்சம், மேனேஜர் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. தாசில்தார் உத்தரவுக் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "ஆளே காணாமப் போகலைன்னா அடைக்கக் காரணம் இல்ல" என்றார் கொத்தனாரிடம். கொத்தனார் கலவையைப் பார்த்தார். "ஒரு மூட்டை சிமெண்ட் வீணாப் போச்சே சார்" என்றார்.

மேனேஜர் முன்னால் வந்தார். "ஒரு வாட்ச்மேன் சொல்றதை வச்சு எங்க மேல பழி போடாதீங்க. கோர்ட்ல பார்த்துக்கலாம்."

"பார்த்துக்கலாம். இங்கேருந்து நடந்தே வாரேன். எனக்கு நடக்குறது ஒண்ணும் புதுசு இல்ல" என்றாள் அஜீஸுன்னிசா. அவரை அதற்கு மேல் பார்க்கவில்லை. எழுந்து, உடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, தம்பியின் எதிரில் போய் நின்றாள்.

"ஏலே. ஏன்லே?"

இஷாக் அழவில்லை. காலையில் இருந்த அழுகையைக் காணோம். "எட்டு வருசம்க்கா. எட்டு வருசமாக் கடைசி ஆளா நடந்தேன். செடி வெட்டினது ரெண்டு பேரும். பேப்பர்ல வந்தது உன் போட்டோ. டி.வி.யில வந்தது நீ. பின்னால ஒரு டார்ச் வெளிச்சம் தெரியும் பாரு, அதுதான் நான். அவங்க என்னை மேனேஜர் ஆக்குறேன்னாங்க. என் பேரைப் போட்டுப் பலகை வைக்கிறேன்னாங்க."

"முன்னால நடக்கணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, டார்ச்சை வாங்கிக்கிட்டு நான் பின்னால போயிருப்பேன்லே."

"கேட்டுத்தான் குடுக்கணுமா?"

ஒரு கணம் அஜீஸுன்னிசாவின் முகம் உடைந்தது. யுவராணி பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

வேன் டிரைவர் அருண்பாண்டி தண்ணீர்ப் பாட்டிலை அஜீஸுன்னிசாவிடம் நீட்டினார். யுவராணி அவர் பக்கத்தில் போய், "உங்களைத்தாங்க முதல்ல சந்தேகப்பட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றாள்.

"தெரியும்மா. காலையிலேருந்து நாலு தடவை வேனைக் கழுவச் சொன்னாங்க. இந்த வண்டியை நாலு தடவை கழுவுனா பெயிண்டு போயிரும். அப்பவே புரிஞ்சு போச்சு" என்றார் அவர்.

எஸ்.ஐ. ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்தார். தயங்கினார்.

"அம்மா, புகார் நீங்க எழுதிக் குடுத்தாத்தான் மேல நடவடிக்கை எடுக்க முடியும். ரிசார்ட் மேனேஜர் மேலயும், இந்த ஆள் மேலயும் எழுதுங்க. தம்பி விஷயம்... வீட்டுக்குள்ள பேசி முடிச்சுக்கிறதுன்னாலும் சரி. அவர் பேரு வேணுமான்னு நீங்கதான் சொல்லணும்."

"அவன் பேரை விட்டா கேஸ் நிக்குமா?"

எஸ்.ஐ. உண்மையைச் சொன்னார். "நிக்காது. உள்ளேருந்து ஒத்தாசை பண்ணது யாருன்னு கேப்பாங்க. மேனேஜர் வெளிய வந்துருவார்."

"வந்தா இன்னொரு வருசம் கழிச்சு இன்னொரு ஆளை அனுப்புவாங்க."

அவள் தாளை வாங்கினாள். செங்கல் குவியலின் மேல் வைத்து, நின்றபடியே எழுத ஆரம்பித்தாள். டீச்சர் கையெழுத்து. பெரிய பெரிய எழுத்து, நேர் கோடு. சுரங்கத்துக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது.

ஒரு பக்கம் முடிந்தது. திருப்பிப் பாதிப் பக்கம் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

பெண் காவலர் இஷாக்கின் பக்கத்தில் போய் நின்றதும்தான் அவனுக்கு விளங்கியது. இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

"அக்கா! நான் உன் கூடப்பொறந்தவன்க்கா!"

அஜீஸுன்னிசா பேனாவை மூடி எஸ்.ஐ.யிடம் கொடுத்தாள்.

"அதைத்தான்லே முதல் வரியில எழுதிருக்கேன்" என்றாள்.